எல்லோரும் கை தூக்கிய வகுப்பு

தென் கொரியாவில், சம்ச்சொக் துறைமுகத்திலிருந்து மேடேறிப் போனால் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவர் ஹாம் ஜேகுன். மூன்றாம் ஆண்டுதான் அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பு. அதனால் மூன்றாம் ஆண்டுக் கணக்கு வாத்தியார் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. முடி வெட்டும் கடையில் அவரைக் காக்க வைக்க மாட்டார்கள். அந்த மரியாதையை ஜேகுன் பெரிதாக நினைத்ததில்லை. அவருடைய அக்கா மால்சுக் நினைத்தாள்.

மால்சுக் துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். கோம்ச்சி மீனைப் புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவிட்ட சூப் ஒன்றுதான் அங்கே உண்டு. வேறு எதையும் கேட்டால் எதிர்க்கடையைக் காட்டுவாள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். சுத்தத்தில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கடைக்கு வெளியே கணவாய் மீன் காயப்போட்டால், கொடியில் ஒரு கணவாய்கூட மற்றதைவிடத் தாழ்ந்து தொங்காது. தம்பிக்கும் அதே கை.

ஜேகுனின் கரும்பலகையைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. அதன் பிறகு பலகையை மூன்று பாகமாகப் பிரித்துக் கோடு போடுவார். வெள்ளை சாக்பீஸில் கணக்கு, மஞ்சளில் விடை, எச்சரிக்கை இருந்தால் மட்டும் சிவப்பு. அச்சடித்தது போன்ற எழுத்து. இடுப்பில் ஒரு சிறிய ஒலிபெருக்கி, காதிலிருந்து வாய்க்கு வளைந்து வரும் மைக். பலகையைப் பார்த்தபடியே பேசுவார், எழுதிக்கொண்டே போவார். ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் பாதி திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். "ஆமா சார்" என்று வகுப்பு ஒரே குரலில் இழுக்கும். மூன்றாம் பாகத்தின் கடைசி வரியை எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். இதை அவர் பல வருடம் பழகிக் கைக்குக் கொண்டுவந்திருந்தார்.

யாரோ எடுத்த அந்தப் பலகையின் புகைப்படம் ஒன்று, கடையில் கிம்ச்சி குளிர்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. சாப்பிட வருகிறவர்கள் அதைப் பார்த்து, "இது என்ன, கடையோட லைசென்ஸா?" என்று கேட்டால் மால்சுக்குக்குப் பிடிக்காது.

மணி அடித்ததும் வேறொன்று நடக்கும். ஜேகுன் மைக்கைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதற்குள் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துவிடுவார்கள். அவர் மேசை விளிம்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, முன்னால் நிற்கிற பிள்ளையிடம், "எங்க விழுந்தே?" என்று கேட்பார். பிள்ளை நோட்டைக் காட்டும். அவர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். பிள்ளை எந்த வரியில் வழி தவறியது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவருவார். கையில் அகப்பட்டதை வைத்துச் சொல்வார்: அழிப்பான், பால் டப்பா, யாருடைய செருப்பாவது. அடுத்த வகுப்பு மணி அடிக்கும்வரை இது நடக்கும். கழிப்பறைக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்காது.

இந்த இடைவேளையை அவர் வேலையில் சேர்த்துக்கொள்ளவில்லை. பாடம் என்பது பந்தி; இது பந்தி முடிந்து பாத்திரம் கழுவுவது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பாடம் நன்றாக இருப்பதால்தானே மணி அடித்தும் போகாமல் நிற்கிறார்கள்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு முன் பள்ளியில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வழக்கமாகப் பிள்ளைகள் வாத்தியார்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். இந்த முறை அதே கேள்விகளை வாத்தியார்களுக்கும் கொடுத்தார்கள். 'இந்த வகுப்பு எனக்குப் புரிகிறது' என்று பிள்ளைக்கு. 'என் வகுப்பு மாணவர்களுக்குப் புரிகிறது' என்று வாத்தியாருக்கு. ஒன்றிலிருந்து ஐந்துவரை போட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கு என்கிற துணைத் தலைமையாசிரியரின் வேலை.

ஜேகுன் அதை நிதானமாக நிரப்பினார். புரிகிறதா என்பதற்கு ஐந்து. ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாடம் ஒழுங்காகத் திட்டமிடப்பட்டிருக்கிறதா? ஐந்து. 'மாணவர்களுக்குக் கணக்கின் மேல் ஆர்வம் வந்திருக்கிறது' என்ற இடத்தில் மட்டும் அடக்கத்தோடு மூன்று போட்டார்.

செப்டம்பரில் கு அவரை அழைத்தார். கு உயரமான மனிதர். எதையும் வாசித்துவிட்டுத்தான் பேசுவார். மனப்பாடமாகத் தெரிந்ததையும் வாசித்துவிட்டுத்தான் பேசுவார்.

"உட்காருங்க ஹாம் சார். புரியுதா அப்படிங்கறதுக்கு நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"பிள்ளைங்க ஒண்ணு புள்ளி எட்டு."

ஜேகுன் கு கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துலயே பெரிய இடைவெளி உங்களோடதுதான். சரி, அதோட போச்சுன்னா எனக்கு விளங்கும். ஆர்வம் வந்திருக்கான்னு கேட்டதுக்கு நீங்க மூணு. பிள்ளைங்க நாலு புள்ளி நாலு. அதுவும் பள்ளிக்கூடத்துலயே உசந்தது." கு கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பாடு வாயில வைக்க முடியல, ஆனா தினம் அங்கதான் சாப்பிடுவோம்னு சொல்ற மாதிரி இருக்கு. இது எப்படி சார்?"

"தெரியலையே சார்."

"படிக்காமலே டிக் அடிச்சுட்டாங்களோ?"

"என் பிள்ளைங்க படிக்காம எதுவும் எழுத மாட்டாங்க சார்" என்றார் ஜேகுன். சொன்ன பிறகுதான் அது தமக்குச் சாதகமான பதில் அல்ல என்று அவருக்குத் தோன்றியது.

கு விதியை வாசித்தார். இடைவெளி இரண்டு புள்ளிக்கு மேல் இருந்தால், அக்டோபரில் பெற்றோர் முன்னிலையில் அந்த வாத்தியார் ஒரு திறந்த வகுப்பு நடத்த வேண்டும். வருடக் கடைசியில் இன்னொரு கணக்கெடுப்பு. அப்போதும் இடைவெளி இருந்தால், அடுத்த வருடம் அவருக்கு வேறு வகுப்பு.

"வேற வகுப்புன்னா?"

"முதலாம் ஆண்டுல தேர்வு இல்லாத பருவம் ஒண்ணு இருக்குல்ல. பலூன் பொம்மை வகுப்புக்கு ஆள் இல்லை." கு மேசையறையைத் திறந்து ஒரு பலூன் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "அவசரம் இல்லை. சும்மா பழகிப் பாருங்க."

ஜேகுன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அன்று மாலையே கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து பலூனில் ஒரு நாய் செய்தார். காதுகள் இரண்டும் ஒரே அளவு. செய்து முடித்ததும் அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. புதுப் பள்ளி வருடம் தொடங்கும் மார்ச் மாதத்தை மூன்றாம் ஆண்டு இல்லாமல் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேசையைச் சூழ நிற்கும் அந்தத் தலைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன வேலை?

"என்னடா இது?" என்றாள் மால்சுக், சூப்பைக் கொண்டுவந்து வைத்து.

"நாய்."

"அது தெரியுது. எதுக்கு?"

முழுவதையும் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "அக்டோபர்ல பெத்தவங்க எல்லாம் வந்து வகுப்பைப் பார்க்கறாங்க. கணக்குல என் வகுப்புதான்."

"உன்னோடதைத்தான் காட்டப்போறாங்களா?"

"ஆமா."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நாயை எடுத்து, கரும்பலகைப் படத்தின் பக்கத்தில் மாட்டினாள். மறுநாள் காலைக்குள் அவள் தம்பியின் வகுப்பைப் பள்ளிக்கூடமே தேர்ந்தெடுத்து ஊருக்குக் காட்டப்போகிறது என்பது மீன் ஏலம் விடும் இடம்வரை தெரிந்திருந்தது. ஜேகுன் திருத்தவில்லை. எங்கே தொடங்கித் திருத்துவது என்று தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து மேசை யூ சொல்ஹி. கொரிய மொழி நடத்துகிறவள், வயதில் சிறியவள், வாய்க்குப் பயந்து எல்லோரும் அவளிடம் மரியாதையாகப் பேசுவார்கள்.

"வகுப்பு கொஞ்சம் கலகலப்பா இருக்கணும் சார். ஒரு ஜோக் சொல்லுங்க."

"எந்த இடத்துல?"

"இடம் என்ன இடம், தோணுறப்போ சொல்றதுதான்."

தோன்றும்போது சொல்வது ஜேகுனுக்குப் பழக்கமில்லை. ஒரு ஜோக்கைத் தேடிப் பிடித்து, பாடத் திட்டத்தில் இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவில் எழுதி வைத்துக்கொண்டார். வகுப்பில் அந்த இடம் வந்ததும், பலகையைப் பார்த்தபடி அதே குரலில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிப் போச்சு?" என்று சொல்ஹி கேட்டாள்.

"குறிப்பு எடுத்துக்கிட்டாங்க."

சொல்ஹி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள்.

திறந்த வகுப்புக்கு முந்தின நாள், ஜேகுன் அந்த நாட்டில் எல்லா வாத்தியார்களும் செய்கிற ஒன்றைச் செய்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய வாத்தியார் செய்ததுதான்.

"நாளைக்கு நான் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை. தெரியலைன்னா இடது கை. நான் வலது கையைப் பார்த்துத்தான் கூப்பிடுவேன்."

ஒக் தோயுன் எழுந்தான். சந்தேகம் கேட்பதையே தொழிலாக வைத்திருந்த பையன். "சார், பாதி தெரிஞ்சா?"

"இடது."

"தெரியும், ஆனா சொல்ல வெட்கமா இருந்தா?"

"இடது."

"நான் இடது கைப்பழக்கம் சார்."

"நாளைக்கு ஒருநாள் வலது கைப்பழக்கமா இரு."

"தெரியாதப்போ சார்?"

"அப்போ நீ நீயாவே இருக்கலாம். உட்காரு. ஒண்ணு மட்டும் சொல்றேன். யாரும் பொய்க் கை தூக்கக்கூடாது. பொய்க் கையைக் கூப்பிட்டு நான் முழிச்சேன்னா, போச்சு."

"சரி சார்" என்று வகுப்பு சொன்னது. அந்தப் பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள்.

மறுநாள் பெற்றோர்கள் வாசலில் காலணிகளை விட்டுவிட்டு, பள்ளிச் செருப்புகளை மாட்டிக்கொண்டு, வகுப்பின் பின்பக்கம் வரிசையாக நின்றார்கள். கு கையில் குறிப்புப் பலகையோடு ஓரமாக நின்றார். ஜேகுன் ஈரத் துணி, உலர்ந்த துணி, மூன்று பாகம் எல்லாம் முடித்திருந்தார். வளைகோடுகள் பாடம். முதல் பாகத்தில் வரைந்த வளைகோடு கிண்ணம் போல் அழகாக உட்கார்ந்திருந்தது. பயிற்சி செய்து வைத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கோடு எந்த இடத்துல எல்லாத்தையும்விடத் தாழ்வா இருக்கு?"

வகுப்பு முழுவதும் வலது கை. பாங் சேரினைக் கூப்பிட்டார். முன்வரிசையில் உட்காரும் பெண், எதையும் முகத்தில் காட்டாதவள். எழுந்து, "பூஜ்யத்துல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து மெல்லிய கைதட்டல் வந்தது. கு ஏதோ குறித்துக்கொண்டார். இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

கைதட்டல் வந்த பக்கம் ஜேகுன் பார்த்தார். ஊதா நிற மேலங்கியில் மால்சுக் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற மேலங்கி. அவளுக்கு அங்கே பிள்ளை இல்லை. மீன்கடைக்காரியான சேரினின் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்றவரிடம், "அவன்தான்" என்று உதட்டை அசைத்தாள்.

ஜேகுனுக்கு ஒரு ஆசை வந்தது. இன்னும் கொஞ்சம் பெரிய கேள்வியாகக் கேட்டுக் காட்ட வேண்டும். முந்தின நாள் பலகையில் மஞ்சளில் எழுதிய விதி ஒன்று இருந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஆமா சார் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"இதே கோட்டை அப்படியே வலது பக்கமா மூணு கட்டம் நகர்த்தறோம். இப்போ சமன்பாட்டுல அடைப்புக்குறிக்குள்ள என்ன வரும்?"

ஒரு கணம் வகுப்பு யோசித்தது. பிறகு ஒரே நேரத்தில் எல்லாக் கைகளும் எழுந்தன.

எல்லாம் இடது கைகள்.

கு எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பின்னால் நின்ற அப்பாமார்களில் ஒருவர் கையை வாயில் வைத்து இருமினார். அந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்தக் கைகளின் அர்த்தம் தெரியும். சுவரோரமாக நின்ற எல்லோரும் ஒரு காலத்தில் அப்படித் தூக்கியவர்கள்தான். சில அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். மால்சுக்குக்கு மட்டும் தெரியாது. அவள் படித்த சிறிய பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஒருநாளும் யாரும் வந்ததில்லை. அவள் கண்ணில் ஒரு வகுப்பே கை தூக்கி நின்றது. அவள் சேரினின் அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஜேகுன் மூச்சு விடுவதை மைக் எல்லோருக்கும் சொன்னது.

"நல்லது" என்றார் அவர். "எல்லாரும் கை தூக்கியிருக்கீங்க. நேரம் குறைவா இருக்கறதால பதிலை நானே எழுதிடறேன்." பலகைப் பக்கம் திரும்பி, அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கழித்தல் மூன்று என்று மஞ்சளில் எழுதினார். எழுத்து வழக்கம்போல நேராக வந்தது. பாதி திரும்பினார். "புரிஞ்சுதா?"

"ஆமா சார்" என்று வகுப்பு இழுத்தது.

கையை இறக்கச் சொல்ல அவர் மறந்திருந்தார். எல்லா இடது கைகளும் இன்னும் மேலேயே இருந்தன.

மணி அடித்தது. பெற்றோர்கள் பின்வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்குப் போனார்கள். ஜேகுன் மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அணைக்கவில்லை, அன்று அவருக்கு அது நினைவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல மேசையைச் சூழ்ந்தார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்து, "எங்கடா விழுந்தே?" என்றார்.

தாழ்வாரத்தில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு, இடுப்பு ஒலிபெருக்கி வழியாக அது தெளிவாகக் கேட்டது.

"அடைப்புக்குள்ள சார்" என்றது தோயுனின் குரல். "வலது பக்கம் போனா கூட்டணும். நீங்க கழிச்சுட்டீங்க. இது அநியாயம்."

"அநியாயமாத்தான் தெரியும். சரி, பார்சல் கொண்டு வர்றவன் ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்கோ. பூஜ்யம்னு எண் போட்ட கதவுலதான் பார்சலை இறக்கி வைப்பான். வேற எண்ணைப் பார்த்தா நிக்கவே மாட்டான். உங்க வீடு பூஜ்யம். தினம் வர்றான். இப்போ நீங்க வலது பக்கமா மூணு கதவு தள்ளி வீடு மாத்திப் போயிட்டீங்க. புது வீட்டுக் கதவு எண் என்ன?"

"மூணு."

"வந்து பார்க்கறான். மூணுன்னு இருக்கு. இறக்குவானா?"

"மாட்டான். பூஜ்யம் வேணும்."

"அவனுக்கு அந்தக் கதவுல பூஜ்யம் தெரியணும்னா, மூணை நீ என்ன பண்ணணும்?"

தாழ்வாரத்தில் ஒற்றைக் காலில் ஷூவோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"கழிக்கணும்" என்றான் தோயுன். "அட, கழிக்கணும் சார். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"முதல்லயே சொல்லியிருந்தா நீ எங்க விழுந்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இருமின அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கே இப்பதான் புரிஞ்சுது" என்றார்.

கு முன்வாசலில் வந்து நின்றார். "ஹாம் சார், மைக்" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "மணி அடிச்சாச்சே. வகுப்பு முடிஞ்சுது. இங்க என்ன பண்றீங்க?"

சேரின் திரும்பினாள். "இப்பதானே சார் வகுப்பு ஆரம்பிக்குது."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்ட புது ஆளுக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள். மைக் அதையும் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனது.

ஜேகுன் மைக்கை அணைத்தார். பிள்ளைகள் போன பிறகு பலகையைப் பார்த்தார். மூன்று பாகமும் குறையில்லாமல் இருந்தன. ஈரத் துணியால் துடைத்தார், பிறகு உலர்ந்த துணி. அன்று துடைக்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

மாலையில் வாத்தியார்கள் கூடி ஆரஞ்சு உரித்துக்கொண்டு அந்த வகுப்பைப் பற்றிப் பேசினார்கள். சொல்ஹி அவர் பக்கம் சாய்ந்து, "உங்க வகுப்புல இத்தனை பேருக்கு இடது கைப்பழக்கம்னு எனக்குத் தெரியாது சார்" என்றாள். ஜேகுன் ஆரஞ்சின் வெள்ளை நாரை உரித்துக்கொண்டிருந்தார்.

கு ஒரு சுளையைத் தின்று முடித்துவிட்டுப் பேசினார். "வகுப்பு எடுத்த காலத்துல நானும் அப்படித்தான் தூக்கச் சொல்லுவேன். என் வகுப்புல ஒருநாளும் இடது கை எழுந்ததில்லை. எல்லாம் வலது. நம்பிக் கூப்பிட்டா, எழுந்து நின்னு பேந்தப் பேந்த முழிப்பாங்க. உங்க பிள்ளைங்க சொன்னபடி இடது கையைத் தூக்கியிருக்காங்க."

"தெரியலை, அதான் தூக்கினாங்க சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கு அடுத்த ஆரஞ்சை எடுத்தார். இது பாராட்டா இல்லையா என்று ஜேகுனுக்குத் தெரியவில்லை.

கடையில் நிலைமை வேறு. "ஒரு கை கீழ இல்லை" என்று மால்சுக் சூப் ஊற்றியபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "கேள்வி கேட்டு வாயை மூடலை, மொத்த வகுப்பும் கையைத் தூக்கிடுச்சு. இவன் யாரையும் கூப்பிடலை. ஒருத்தரைக் கூப்பிட்டா மத்ததுக்கு மனசு கஷ்டப்படும்ல." ஜேகுன் மூலை மேசையில் தலை குனிந்து சாப்பிட்டார். சுவரில் நாய்க்குக் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்கடுத்த வாரம் அவர் ஒரு சோதனை செய்தார். முதல் பாகத்தை மட்டும் எழுதிவிட்டு, மைக்கைக் கழற்றி வைத்து, "வகுப்பு முடிஞ்சுது" என்றார். பாதிப் பேர் கழிப்பறைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டார். சும்மா மேசை விளிம்பில் உட்கார்ந்து, "எங்க விழுந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். தோயுன் முதலில் வந்தான். பிறகு எல்லோரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்படியே அந்தப் பருவம் போயிற்று. அது ஜேகுனுக்கு நரகம். வகுப்பில் சத்தம். பலகையில் ஒரு பாகம், அதுவும் கோணலாக, நடுவில் யாரோ ஒரு பிள்ளை வரைந்த வீடும் கதவும். மஞ்சள் சாக்பீஸ் எங்கே என்றே தெரியாது. பாடம் சொன்ன இடத்தில் முடியாது; எந்த இடத்தில் முடியும் என்று சொல்லவும் முடியாது. இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். தாழ்வாரத்தில் கத்தினார்கள், தின்பண்டம் வாங்கப் போனார்கள். மேசையைச் சூழ ஒருவரும் இல்லை. இடைவேளையில் அவர் கழிப்பறைக்குப் போய், கை கழுவி, நிதானமாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தும் நேரம் மிச்சம் இருந்தது.

டிசம்பரில் இரண்டாவது கணக்கெடுப்பு வந்தது. அவர் உள்ளதை உள்ளபடி நிரப்பினார். புரிகிறதா? இரண்டு. ஆர்வம்? இரண்டு. முன்பெல்லாம் மணி அடித்த பிறகும் நிற்பார்கள், இப்போது நிற்பதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கு மறுபடி அழைத்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இடைவெளி இன்னும் இருக்கு ஹாம் சார்."

"தெரியும் சார்."

"தலைகீழா இருக்கு. புரியுதாங்கறதுக்கு நீங்க ரெண்டு. பிள்ளைங்க நாலு புள்ளி மூணு."

ஜேகுன் கையை நீட்டித் தாளை வாங்கித் தாமே பார்த்தார். இரண்டு பத்தியையும் விரல் வைத்துப் பார்த்தார். மாற்றி எழுதிவிட்டார்களா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மணி அடிச்சதும் எல்லாம் ஓடிடறாங்க சார்" என்றார்.

"பின்ன? வகுப்பு முடிஞ்சா பிள்ளைங்க ஓடத்தான் செய்வாங்க."

தாழ்வாரத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அதை அவர் வேறு மாதிரிக் கேட்டிருந்தார்.

"ஆனா விதி இருக்கே" என்றார் கு. "இடைவெளி ரெண்டு புள்ளிக்கு மேலன்னுதான் போட்டிருக்கு. யாரு மேல, யாரு கீழன்னு போடலை."

"போடலை" என்று ஜேகுன் ஒப்புக்கொண்டார். விதியைச் சரியாக வாசிக்க வேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. "அப்போ பலூனா சார்?"

"பிப்ரவரிக் கூட்டத்துல பார்க்கலாம். விருப்பம் இருக்கறவங்க யாருன்னு முதல்ல கேட்கணும்னும் போட்டிருக்கு."

பிப்ரவரியில், பிள்ளைகள் இல்லாத பள்ளியில், குளிர் அடிக்கும் கூட்ட அறையில் எல்லா வாத்தியார்களும் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருட வகுப்புகளைக் கு ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாம் ஆண்டுக் கணக்குக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மூன்றாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

போன வருடம் புதிதாகச் சேர்ந்த இளைய கணக்கு வாத்தியார் வலது கையைத் தூக்கினார். நேரான, தயக்கமில்லாத கை.

ஜேகுன் யோசித்தார். கோடு போட்ட பலகை, கோணல் வீடு, பார்சல்காரன், ஓடிப் போகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்தார். தெரியுமா? பாதி தெரிந்தால் என்ன கை என்று அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கையைத் தூக்கினார்.

இடது கை.

சொல்ஹி முகத்தைக் கழுத்துத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். கு கண்ணாடி வழியாக ஒரு கையைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையைப் பார்த்தார். குனிந்து எழுதிவிட்டு, எழுதியதை வாசித்தார்.

"மூன்றாம் ஆண்டுக் கணக்கு, ஹாம் ஜேகுன். இரண்டாம் ஆண்டுக் கணக்கும் பலூனும் புதுசா வந்த சார். அடுத்தது, அறிவியல்."

ஜேகுன் கையை இறக்க மறந்திருந்தார். சொல்ஹிதான் பிடித்து இறக்கினாள்.

அன்று மாலை கடையில் அவர் உட்கார்ந்ததும் மால்சுக் கரண்டியோடு வந்தாள். "என்னடா ஆச்சு?"

"மூன்றாம் ஆண்டுதான்."

"வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்று சொல்லி, அவர் கிண்ணத்தில் மீனின் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்துப் போட்டாள். சுவரில் நாய் சுருங்கித் தொங்கியது. கழற்ற அவள் விடவில்லை.

பக்கத்து மேசையில் யாரோ வெளியூர்க்காரர், படத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். மால்சுக் சொல்லத் தொடங்கினாள். வகுப்பு, பெற்றோர், கேள்வி, ஒரே நேரத்தில் எழுந்த கைகள். சேரினின் அம்மா மீன்கூடையை இறக்கி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? அது இடது கை. இடது கைன்னா தெரியலைன்னு அர்த்தம்."

மால்சுக் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"தெரியலைன்னு சொல்ல உன் பொண்ணு வேற யாருகிட்டயாவது கை தூக்கியிருக்காளா?"

சேரினின் அம்மா யோசித்தாள். "இல்லை" என்றாள்.

"அப்புறம் என்ன" என்று சொல்லி மால்சுக் வெளியூர்க்காரர் பக்கம் திரும்பினாள். "எங்க விட்டேன்? ஆங், ஒரு கை கீழ இல்லைங்க."

ஜேகுன் சூப்பை ஒரு வாய் குடித்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்து, பிறகு அக்காவிடம் சொன்னார்.